முந்தி முந்தி வந்த விடியல்

சுனைமலையின் மேல் ஒரு மடம் இருந்தது. மடம் என்பதுகூடப் பெரிய சொல். ஓடு வேய்ந்த ஒரு கூடம், ஓர் அடுக்களை, பின்னால் பாறையைப் பிளந்துகொண்டு இறங்கும் ஒரு சுனை. அந்தச் சுனையின் அடியைக் கண்டவர்கள் இல்லை. பகலில் எட்டிப் பார்த்தால் வானம் தெரியும். இரவில் எட்டிப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஆனால் கீழே இருந்து யாரோ தலை தூக்கிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

அங்கே குருவாக இருந்தவர் குழலி அம்மை. நாற்பது வயதுக்காரர். தன்னைத் தேடி வந்தவர்களில் பலர் தன்னைவிட மூத்தவர்கள் என்பதால் அவர்களை அண்ணே என்றும் அக்கா என்றும்தான் கூப்பிடுவார். அவர்கள் அவரை அம்மை என்றார்கள்.

சீடர்களில் ஒருவர் திருமேனி. ஐம்பதைக் கடந்தவர். நாளிதழ் அச்சகம் ஒன்றில் இரவு வேலை பார்த்தவர். சின்ன வயதிலிருந்தே அவர் இரவு மனிதர். காலையில் உடம்பு நனைந்த மணல் மூட்டையாகக் கிடக்கும். பொழுது சாயச் சாய உயிர் வரும். ஊர் அடங்கிய பிறகுதான் பேச்சு வரும், சிரிப்பு வரும்.

மனமும் அவருக்கு ஒரே நிலையில் நிற்பதில்லை. சில மாதம் பட்டம் மாதிரி பறக்கும். சில மாதம் காரணமே இல்லாமல் தரையில் கிடக்கும். ஒரு முறை அளவு மீறிப் பறந்துவிட்டது. பல இரவுகள் தூங்காமல் இருந்தவர், முதல் பக்கத்துச் செய்திகள் எல்லாம் தனக்காகவே எழுதப்பட்டவை என்று சொல்லி அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டார். மருத்துவமனையில் சேர்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டுக் குணமாயிற்று. வேலை போயிற்று. மனைவி மகள் வீட்டுக்குப் போனார். திருமேனி மலை ஏறினார்.

மடத்தில் எல்லாரும் விடியுமுன் எழ வேண்டும். திருமேனியால் முடியவில்லை. மணி அடித்த பிறகும் பாயில் கிடப்பார்.

மணி அடிப்பவர் கனகசபை. பேருந்து நடத்துநராக இருந்தவர். சேவலுக்கு முன்னால் எழுகிறவர். எழுந்ததும் சுனையில் நீர் மொண்டு, கூடத்தைக் கழுவி, அடுப்பு மூட்டி, எல்லாருக்கும் சுக்குக் காப்பி போட்டுவிட்டுத்தான் மணிக் கயிற்றைப் பிடிப்பார். அவர் முகம் வாடி யாரும் பார்த்ததில்லை. மலை ஏறி வருகிற பக்தர்கள் அம்மையைப் பார்க்குமுன் கனகசபையின் சிரிப்பைப் பார்த்தே பாதி ஆறிப்போவார்கள்.

மடத்துக் காரியங்களைக் கவனித்து வந்தவர் தணிகாசலம். அவர் அடிக்கடி சொல்வார்:

"எழுந்தா கனகசபை மாதிரி எழணும். பிரம்ம முகூர்த்தத்துல எழுகிறவன் மனசு கெடாது."

சொல்லிவிட்டுத் திருமேனியின் பாயைப் பார்ப்பார்.

ஒரு நாள் திருமேனி அம்மையிடம் போனார்.

"அம்மை, ராத்திரி முழிச்சுக் கிடக்கிறவன் மனசு கோணல்னு சொல்றாங்க. நெசமா?"

அம்மை சுனைப் பக்கம் பார்த்தார்.

"ராத்திரி அங்க காவலுக்கு ஆள் இல்லை அண்ணே. போன வருஷம் மேல வந்த ஒருத்தர் இருட்டுல கால் வழுக்கி விழுந்துட்டார். அப்பலேருந்து தேடிக்கிட்டிருக்கேன்."

"நான் கேட்டதுக்கு இதுதான் பதிலா?"

"இது வேலை. ராத்திரி நீங்க பாத்துக்கங்க. பகல்ல உங்க தூக்கத்தை யாரும் கலைக்க மாட்டாங்க. நீங்களும் கலைச்சுக்கக் கூடாது."

அன்றிலிருந்து இரவில் சுனை திருமேனியின் பொறுப்பில் இருந்தது.

பாறை மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே நீர் சத்தமில்லாமல் கிடக்கும். விடியப் போகும் வேளையில் கனகசபை குடத்தோடு வருவார்.

"இன்னும் தூங்கலையா அண்ணே?"

"அதுக்குள்ள எந்திரிச்சாச்சா?"

இருவரும் சிரித்துக்கொள்வார்கள். கனகசபை மணி அடிப்பார். திருமேனி போய்ப் படுப்பார்.

மாசி பிறந்தது. ஒரு நாள் விடிவெள்ளி தலைகாட்டுமுன்பே கனகசபை வந்துவிட்டார். திருமேனி அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மறுநாள் இன்னும் முந்தி வந்தார். அதற்கடுத்த நாள் இன்னும் முந்தி. தேய்பிறை நிலா மலைக்கு மேல் வருமுன்னே படிகளில் குடம் இடிபடும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"ஏன்பா, தூக்கம் வரலையா?"

"எதுக்கு அண்ணே தூக்கம்? இத்தனை வருஷம் தூங்கித் தூங்கி எவ்வளவு வீணாக்கிட்டோம்."

களைப்பே இல்லாத குரல். கண்கள் இருட்டிலும் பளபளத்தன.

பிறகொரு நாள் திருமேனி கவனித்தார். கனகசபை குடத்தில் நீர் மொள்கிறார். மொண்ட நீரை எடுத்துப் போகவில்லை. திரும்பவும் சுனையிலேயே ஊற்றுகிறார். மறுபடி மொள்கிறார். மறுபடி ஊற்றுகிறார்.

"என்ன பண்றே?"

"தண்ணி தூங்கிருச்சு அண்ணே," என்றார் கனகசபை மெல்ல. "எழுப்புறேன்."



அன்று பகல் அவர் சரியாகத் தூங்கவில்லை. மாலையில் எழுந்து அடுக்களைக்குப் போனார். கனகசபை சிரித்துக்கொண்டே கீரை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நேத்து சுனைக்கு எப்ப வந்தே?"

"எப்பவும் வர்ற நேரந்தான் அண்ணே."

"நடு ராத்திரியில வந்தியே. தண்ணியை மொண்டு மொண்டு ஊத்தினியே."

கனகசபை அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நான் விடியக்காலம்தான் வந்தேன். நீங்ககூட அதுக்குள்ள எந்திரிச்சாச்சான்னு கேட்டீங்களே."

திருமேனி தணிகாசலத்திடம் போய்ச் சொன்னார். தணிகாசலம் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"திருமேனி, தப்பா எடுத்துக்காதே. உனக்கு முன்னாடி ஒரு தடவை மனசு பிசகியிருக்கு. ராத்திரியெல்லாம் தனியா உக்காந்திருக்கே. இல்லாதது கண்ணுக்குத் தெரியும்."

"நான் பாத்தேன்."

"பேப்பர்லகூட உன்னைப் பத்திப் போட்டிருந்ததை நீ பாத்தே."

தணிகாசலம் சொன்னது திருமேனிக்கே சரியாகப் பட்டது. கனகசபை காலை மனிதர். கலங்காத மனிதர். அவருக்கு என்ன வரும்? வந்தால் தனக்குத்தான் வரும். அப்படியானால் இரவில் குடத்தோடு வருவது யார்?

அன்றிரவும் குடம் படிகளில் இடிபட்டது. திருமேனி திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். மொள்ளும் சத்தம். ஊற்றும் சத்தம். இல்லாத ஒன்று இப்படிச் சத்தம் போடுமா என்று அவருக்குத் தெரியவில்லை. போடும் என்பதும் அவருக்குத் தெரிந்ததுதான்.

விடிந்ததும் படுக்கப் போகாமல் அம்மையிடம் போனார்.

"அம்மை, எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மனசு பிசகிருச்சு. யாருக்குன்னு தெரியலை."

நடந்ததைச் சொன்னார்.

"நேத்து பகல்ல எப்படித் தூங்கினீங்க அண்ணே?"

"சரியா தூங்கலை. பயமா இருந்தது."

"இப்ப எப்படி இருக்கு?"

"கண் எரியுது. இப்பவே விழுந்துருவேன் போல இருக்கு."

"சரி," என்றார் அம்மை. "மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கூடத்துக்கு வாங்க. அதுவரைக்கும் பொறுத்துக்கங்க."

மத்தியானம் அம்மை கூடத்தில் இரண்டு பாய்களை விரித்தார். திருமேனியையும் கனகசபையையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் படுங்க."

திருமேனி தலையைச் சாய்த்தார். அடுத்த கணம் குறட்டை கேட்டது.

கனகசபை படுத்தார். கால் ஆடியது. விரல்கள் தரையில் தாளம் போட்டன. எழுந்து உட்கார்ந்தார். "அம்மை, சுவருக்கு வெள்ளை அடிச்சுரலாமா?" என்றார். படுத்தார். தனக்குள் சிரித்தார். மலைக்கு மேலே பேருந்து வர ஒரு வழி இருக்கிறது என்றும், அது தனக்கு மட்டும் தெரியும் என்றும் சொன்னார். பேசப் பேசச் சொற்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறின. திரும்பவும் எழுந்தார். எழுந்தவர் உட்காரவே இல்லை.

அம்மை தணிகாசலத்தை வெளியே கூட்டிப் போனார்.

"கீழ போய் வண்டிக்குச் சொல்லிட்டு வாங்க. இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

தணிகாசலம் திகைத்தார்.

"கனகசபையையா? ஒரு திருநீறு பூசி, நாலு நாள் இங்கேயே உக்கார வச்சு ஜபம் பண்ணச் சொன்னா ஆகாதா அம்மை? வெளிய தெரிஞ்சா மடத்துக்கு என்ன பேர்?"

"எங்க அப்பாவுக்கும் திருநீறு பூசினாங்க," என்றார் அம்மை. "அப்புறம் ஒரு கோயில் வாசல்ல சங்கிலி போட்டு வச்சாங்க. சங்கிலியோடதான் செத்தார்."

தணிகாசலம் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். பொழுது சாய்ந்த பிறகு திரும்பி வந்தார். வண்டி காலையில்தான் வரும் என்றார்.

அன்றிரவு கனகசபையைக் கூடத்தின் நடுவில் படுக்க வைத்தார்கள். ஒரு பக்கம் தணிகாசலம். வாசலருகே அம்மை. திருமேனியைச் சுனையிலேயே இருக்கச் சொன்னார் அம்மை.

"இங்க நாங்க பாத்துக்கிறோம். அங்க நீங்க இருங்க."

விளக்கை அணைத்து வெகு நேரம் ஆகியிருக்காது. தணிகாசலம் தூங்கிவிட்டார். அம்மைக்கும் கண் அயர்ந்தது. அந்தக் கொஞ்ச நேரம் போதுமாயிருந்தது.

திருமேனி சுனைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் பாறைக்குத் திரும்பினார். கடைசிப் படியில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"அண்ணே," என்றார் கனகசபை. "விடிஞ்சிருச்சு."

திருமேனி மேலே பார்த்தார். அமாவாசை வானம். நட்சத்திரங்கள் அசையாமல் நின்றன.

"சூரியனைக் காணோமே," என்றார்.

"இந்தத் தடவை கீழேருந்து வருது. பாருங்க."

திருமேனி பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. கரிய நீருக்கு வெகு கீழே, ஒரு மஞ்சள் நிறம் மெதுவாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் அவருக்குத் தெரியும். அச்சகத்தில் கடைசி இரவுகளில் இயந்திரத்துக்குள்ளிருந்து வந்த அதே வெளிச்சம். அதைப் பார்த்தால் அழுகை வரும். அவ்வளவு அழகு. அதற்குள் போய்விட்டால் பிறகு எதுவும் வேண்டாம்.

"கை கொடுத்துத் தூக்கி விடணும் அண்ணே. இல்லேன்னா மேல யாருக்கும் விடியாது."

கனகசபை காலை எடுத்து நீரில் வைத்தார். அங்கே படி இல்லை.

திருமேனி பாய்ந்து அவர் இடுப்பை வளைத்தார். நீச்சல் தெரியாதவர். பாறை வெடிப்பில் ஒரு காலைச் செருகிக்கொண்டார்.

கனகசபைக்கு அப்போது இருந்த பலம் மனிதருக்கு உள்ளது இல்லை. சிரித்தபடியே இழுத்தார். திருமேனி மார்பு வரை நனைந்தார். விடியவில்லை என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. தன்னிடம் அப்படிக் கத்தியவர்களை எல்லாம் அவருக்கு நினைவிருந்தது.

"போலாம் கனகசபை. நானும் வர்றேன். ரெண்டு பேரும் போலாம்."

இழுப்பு கொஞ்சம் தளர்ந்தது.

"வர்றீங்களா?"

"வர்றேன். மூச்சு வாங்குது. கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்."

"அதுக்குள்ள மேல வந்துருமே அண்ணே."

"வரட்டும். இங்க உக்காந்தே கை கொடுப்போம்."

கனகசபை உட்கார்ந்தார். திருமேனி வளைத்த கையை எடுக்கவில்லை. நீரைப் பார்க்காமல் கனகசபையின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "அம்மை!" என்று கூப்பிட்டார்.

டார்ச் வெளிச்சம் படிகளில் ஓடி வந்தது. அம்மை வந்து கனகசபைக்கு மறுபக்கம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தணிகாசலம் பின்னால் நின்று அழுதார். வண்டி வரும்வரை அவர்கள் அப்படியே இருந்தார்கள். கனகசபை மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். கீழே தெரியும் பேருந்து நிறுத்தங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பெயர்களில் ஊர்கள் எங்கும் இல்லை.

மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். கனகசபை தூங்கினார். செத்தவரைப் போலத் தூங்கினார்.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். தணிகாசலம் அவரிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்.

"காலையில எழுகிற ஆளும்மா. எப்பவும் சந்தோஷமா இருக்கிற ஆள். அவருக்கு எப்படி?"

"எப்பவும் சந்தோஷமா இருக்கிறதும் ஒரு சுபாவந்தான் ஐயா. அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. அதை அவர் தாண்டினப்ப, சந்தோஷமாத்தானே இருக்கார்னு எல்லாரும் விட்டிருப்பீங்க," என்றார் மருத்துவர். "தூக்கம் குறைஞ்சும் களைப்பு தெரியலைன்னா, அப்பவே கூட்டிட்டு வாங்க."

திருமேனி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ராத்திரி ஆளுங்களுக்கு?"

"ராத்திரி விழிக்கிறவங்க, மனசு ஏறி இறங்குற சுபாவம் உள்ளவங்க, இந்த நோய்ப் பக்கம் கொஞ்சம் அதிகமாச் சாஞ்சிருக்காங்க. அது உண்மைதான். ஆனா சாஞ்சவங்க எல்லாரும் விழறதில்லை."

திருமேனி முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மலை ஏறினார்.

மறுநாளே அவர் தன்னை மாற்றிக்கொள்ளத் தொடங்கினார். இருட்டியதும் பாயில் படுத்தார். தூக்கம் வரவில்லை. விடியுமுன் எழுந்து தானே மணி அடித்தார். பகலில் படுப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். காவல் வேலையையும் விட்டார். தணிகாசலம் பாராட்டினார். அம்மை பார்த்தார். "எதுக்கு அண்ணே?" என்று கேட்டார். "நான் சாயக் கூடாது அம்மை," என்றார் திருமேனி. அவர் முகம் உப்பியிருந்தது. ஆனால் குரலில் ஓர் உற்சாகம் இருந்தது.

பிறகு அவருக்குக் குடத்தின் சத்தம் கேட்டது.

கனகசபை கீழே மருத்துவமனையில் இருந்தார். எல்லாரும் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். படிகளில் குடம் இடிபட்டது. மொள்ளும் சத்தம். ஊற்றும் சத்தம்.

முதல் நாள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். மறுநாளும் கேட்டது. அடுத்த நாள் இருட்டியவுடனே கேட்டது.

அன்று அவர் எழுந்து போனார். சுனைப் பாறை ஈரமாக இருந்தது. யாரும் இல்லை. ஆனால் சத்தம் நிற்கவில்லை. மிக அருகே கேட்டது. குடத்தைப் பிடித்திருந்த கை தெரிந்தது. அந்தக் கையை அவர் மெதுவாகப் பின்தொடர்ந்து பார்த்தார். மணிக்கட்டு. முழங்கை. தோள். தோளுக்கு மேலே அவருடைய கழுத்து.

"விடிஞ்சிருச்சு," என்றது ஒரு குரல்.

வாய் திறந்திருந்தது. அதுவும் அவருடையது.

குடம் கைநழுவிச் சுனைக்குள் விழுந்தது. அது அடியைத் தொடும் சத்தம் கேட்கவே இல்லை. திருமேனி திரும்பிப் பார்க்காமல் படியேறி ஓடினார். அம்மையின் பாய் அருகே போய் விழுந்தார்.

அம்மை எழுந்து விளக்கை ஏற்றினார். திருமேனியின் நனைந்த வேட்டியைப் பார்த்தார்.

"தூங்கி எத்தனை நாளாச்சு அண்ணே?"

திருமேனிக்குச் சொல்லத் தெரியவில்லை.

"மாத்திரை?"

திருமேனி இல்லை என்று தலையாட்டினார்.

"எப்ப நிறுத்தினீங்க?"

"மலை ஏறின வருஷம்."

"ஏன் சொல்லலை?"

"நல்லா இருந்தேன் அம்மை."

"நல்லாத்தான் இருந்தீங்க," என்றார் அம்மை. "விடியட்டும். கீழ போவோம்."

அவரைச் சுவரோரம் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விடிஞ்சிருச்சா அம்மை?"

"இல்லை அண்ணே."

கொஞ்ச நேரம் போனது.

"வெளிச்சம் தெரியுதே. விடிஞ்சிருச்சா?"

"இல்லை."

இரவெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மை ஒவ்வொரு முறையும் அதே குரலில் இல்லை என்றார். கடைசியில் ஓட்டின் இடுக்கு வழியாகச் சாம்பல் நிறம் இறங்கியது. கீழே எங்கோ ஒரு நாய் குரைத்தது. திருமேனி அப்போது எதுவும் கேட்கவில்லை.

"இப்ப விடிஞ்சிருச்சு," என்றார் அம்மை.

இருவரும் மலை இறங்கினார்கள்.

இந்த முறை மருத்துவர் அவரை நெடுநேரம் விசாரித்தார். நிறுத்திய மருந்தைத் திரும்பத் தொடங்கினார். அதிகாலையில் எழுந்தே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்றார். படுக்கிற நேரம் மாறக் கூடாது, எழுகிற நேரம் மாறக் கூடாது, அதுதான் முக்கியம் என்றார். கனகசபை படுத்திருந்த அதே கூடத்தில் திருமேனிக்கும் ஒரு கட்டில் கிடைத்தது. இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் கனகசபை மட்டும் கேட்டார்:

"அண்ணே, அந்த வெளிச்சம் உங்களுக்கும் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

கனகசபை சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மழைக்காலத்தில் இருவரும் மடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். கனகசபை இப்போது வெயில் ஏறிய பிறகுதான் எழுகிறார். மருந்தால் கை கொஞ்சம் நடுங்குகிறது. முன்போல எல்லாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. சிரித்தால் அது யாரோ ஒருவருக்கான சிரிப்பாக இருக்கிறது. மணியைத் தணிகாசலம் அடிக்கிறார். யார் எழவில்லை என்று இப்போது பார்ப்பதில்லை. யார் தூங்கவில்லை என்று பார்க்கிறார்.

திருமேனிக்குச் சுனைக் காவல் திரும்பக் கிடைத்தது. மருத்துவரிடம் கேட்டுத்தான் அம்மை கொடுத்தார். காலையில் சரியாகப் போய்ப் படுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. புதிதாக ஒரு வேலியும் போட்டார்கள். இரவில் பாறை மேல் உட்கார்ந்திருக்கும்போது அவருக்குப் பழையபடி பேச்சு வந்தது, சிரிப்பு வந்தது. அது வந்தபோது அவருக்குப் பயமாக இருந்தது.

ஒரு மாலை அம்மை முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திருமேனி எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அம்மை, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணே."

"ராத்திரியில எனக்கு ஒரு சந்தோஷம் வருது. சின்ன வயசுலேருந்து வருது. எல்லாரும் தூங்கினப்புறம் உலகம் எனக்குன்னு திறக்கிற மாதிரி. இப்ப மாத்திரை போட்டும் கொஞ்சம் வருது. அது நானா? இல்லை, அந்த நோயா?"

அம்மை கீரையை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தார்.

"தூங்கி எழுந்து வந்து கேளுங்க."

திருமேனி அன்றிரவு சுனையில் உட்கார்ந்திருந்தார். நீரைப் பார்த்தார். அது வெறும் இருட்டாக இருந்தது. தணிகாசலம் மணி அடித்ததும் போய்ப் படுத்தார். கனவு இல்லாத தூக்கம். உச்சி வெயிலில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு அம்மையிடம் வந்தார்.

"கேள்வி இருக்கா அண்ணே?"

"இருக்கு."

"நேத்து இருந்த மாதிரியேவா?"

திருமேனி உள்ளே தேடிப் பார்த்தார்.

"கொஞ்சம் சின்னதாயிருச்சு. ஆனா அதேதான்."

"அப்ப அது உங்களுது, நோயோடது இல்லை," என்றார் அம்மை.